தாரில் ஒட்டிய மண்: குரோஷிய ராலி 2021 முடிவு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2021 ஏப்ரல் 25, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மட்டக்களப்புக் கல்லடியில் கராஜின் தகரக் கதவை அரைவாசி இறக்கிவிட்டு, நானும் என்னிடம் வேலை பழகும் பொடியன்கள் இரண்டு பேரும் ஒரு தொலைபேசித் திரையைச் சுற்றிக் குந்தியிருந்தோம். உலக ராலி சம்பியன்ஷிப்பின் அந்த வருடத்து மூன்றாவது சுற்று, குரோஷியாவில். ராலியில் கார்கள் ஒவ்வொன்றாக, மூடிய வீதித் துண்டுகளில் நேரத்தோடு ஓடும்; அந்தத் துண்டுதான் கட்டம், எல்லாக் கட்டத்து நேரமும் கூட்டி ஆகக் குறைந்தவர் வெல்வார். மூன்று நாள் ஓடி, 19 கட்டங்கள் முடிந்து, மிச்சம் இருந்தது ஒரே ஒரு கட்டம். எல்ஃபின் எவன்ஸ் 3.9 செக்கன் முன்னால் நின்றார். அந்தக் கட்டம் முடியப்போகும் இடத்தில் அவருடைய டொயோட்டா யாரிஸ் ஒரு வளைவில் அகலப் போய், புல்லை உரசி, மறுபடி தாருக்கு ஏறியது. கணக்கு முடிந்து பெயர்கள் திரையில் வந்தபோது முதலிடத்தில் செபஸ்தியான் ஒஜியே. வித்தியாசம் 0.6 செக்கன்.

"அந்த வளைவிலதான் தோத்துட்டார்" என்றான் மூத்த பொடியன்.

அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் பட்டது. பிறகு கட்டம் கட்டமாக அந்த ராலியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். டயரும் வீல் எலைன்மென்டும் தொழிலாக இருப்பதால் என் கண் சாரதியை விடச் சில்லையும் வீதியையும்தான் கூடுதலாகப் பார்க்கும். அப்படிப் பார்த்ததில் எனக்குத் தெளிவானதைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்த ராலியை முடிவு செய்தது தார் வீதியின் மேல் கிடந்த மண். கடைசி வளைவில் நாம் பார்த்தது மூன்று நாளாக நடந்ததன் கடைசித் துண்டு.

முடிவுப் பட்டியல்

போட்டி நடந்தது ஏப்ரல் 22 முதல் 25 வரை, தலைநகர் ஸாக்ரெப்பை மையமாக வைத்து. குரோஷியா இந்த சம்பியன்ஷிப்பில் ஒரு சுற்றை நடத்தியது அதுவே முதல் தடவை. 20 சிறப்புக் கட்டங்கள், நேரம் கணக்கிடப்படும் தூரம் ஏறத்தாழ 300 கிலோமீற்றர், முழுக்கத் தார்.

முதலிடம் ஒஜியேயும், பக்கத்தில் இருந்து பாதைக் குறிப்பை வாசிக்கும் இணைச்சாரதி ஜூலியன் இங்கிராசியாவும், டொயோட்டா. மொத்த நேரம் 2 மணி 51 நிமிடங்களும் சில செக்கன்களும். இரண்டாமிடம் அதே அணியின் எவன்ஸும் ஸ்கொட் மார்ட்டினும், 0.6 செக்கன் பின்னால். மூன்றாமிடம் ஹூண்டாயில் தியரி நூவில், 8.1 செக்கன் பின்னால். நான்காவதாக வந்த ஓட் டானாக் கிட்டத்தட்ட ஒன்றரை நிமிடம் பிந்தினார். ஐந்தாவது அட்ரியன் ஃபூர்மோ. முதல்தர உலக ராலிக் கார் ஒன்றில் அவருக்கு அதுதான் முதல் ஓட்டம், அதுவும் ஃபோர்ட் ஃபியஸ்டாவில். மற்ற எந்த வாரமாக இருந்தாலும் அவரைப் பற்றித்தான் எல்லோரும் பேசியிருப்பார்கள்.

அதுவரை இந்த சம்பியன்ஷிப்பில் இதைவிட நெருக்கமாக முடிந்தவை இரண்டுதான். 2011இல் ஜோர்தானில் இதே ஒஜியே லத்வாலாவை 0.2 செக்கனால் வென்றது ஒன்று. 2007இல் நியூசிலாந்தில் குரோன்ஹோம் லோபை 0.3 செக்கனால் வென்றது மற்றது. இரண்டும் கிரவல், அதாவது சரளைக்கல் வீதிகளில் நடந்தவை. தார் வீதியில் இவ்வளவு நெருக்கம் அதற்கு முன் நடந்ததில்லை. பிறகு 2024இல் சார்டினியாவில் டானாக் ஒஜியேயை 0.2 செக்கனால் வென்றார். அதுவும் கிரவல்தான்.

0.6 செக்கன் எவ்வளவு என்று பொடியன்களுக்கு விளங்க வைக்க நான் சுவரில் சோக்கால் கணக்குப் போட்டேன். 300 கிலோமீற்றரை 2 மணி 51 நிமிடத்தில் ஓடினால் சராசரி வேகம் மணிக்கு 105 கிலோமீற்றர். அதாவது ஒரு செக்கனுக்கு 29 மீற்றர். 0.6 செக்கனுக்கு ஏறத்தாழ 17 மீற்றர். ஒரு பெரிய பஸ்ஸும் அதன் பின்னால் ஒட்டி நிற்கும் ஒரு வானும். ஸாக்ரெப்பைச் சுற்றி மூன்று நாள் ஓடிய இரண்டு கார்களுக்கு இடையில் கடைசியில் நின்றது அவ்வளவுதான்.

அதையே 20 கட்டங்களுக்குப் பிரித்தால் ஒரு கட்டத்துக்கு 0.03 செக்கன். ராலியில் நேரம் எழுதுவது பத்தில் ஒரு செக்கன் வரைக்கும்தான். ஆக, ஒரு கட்டத்துக்கு அவர்களுக்கிடையே இருந்த சராசரி வித்தியாசம் மணிக்கூட்டின் மிகச்சிறிய அலகை விடச் சிறியது. அந்த எண்ணைச் சுவரில் எழுதிவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெல்லாவெளிப் பக்கத்து வான்

ராலிக்கு இரண்டு மாதம் முந்தி, மாசி மாதக் கடைசியில் நடந்த ஒன்றை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அப்போது பெரும்போக வேளாண்மை வெட்டு நடந்துகொண்டிருந்தது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து ஒரு வானை இன்னொரு வாகனத்தில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். முன் இடது ரிம் வளைந்து, டயரின் பக்கச்சுவர் கிழிந்து தொங்கியது. யாருக்கும் பெரிய காயமில்லை. வான் ஒரு வளைவில் நேரே போய் மதகுக் கட்டில் அடித்திருக்கிறது.

சாரதி வந்ததும் டயரைத்தான் குறை சொன்னார். "காபெட் ரோட்டில எப்படி முதலாளி இழுக்கும்? நல்ல ரோட்டு. மழை எண்டும் சொல்லேலா, ஒரு தூறல். டயர்தான் சரியில்ல."

நான் டயரைக் கழற்றித் தரையில் வைத்து, வரிகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். வரி போதிய ஆழம் இருந்தது. அந்த வரிகளுக்குள் அடைந்து கிடந்தது சாம்பல் நிறக் களி. நகத்தால் சுரண்டினால் சவர்க்காரம் மாதிரி வழுவழுத்துச் சுருண்டு வந்தது. வயல் களி. அதற்குள் ஒரு வைக்கோல் துண்டு, இரண்டு நெல்மணி.

பின்னேரம் மோட்டார் சைக்கிளில் போய் அந்த வளைவைப் பார்த்தேன். வீதி உண்மையிலேயே நல்ல வீதி. வெட்டு மெசினும் உழவு இயந்திரப் பெட்டிகளும் வயலிலிருந்து வீதிக்கு ஏறும் இடம் அந்த வளைவின் உட்பக்கத்தில் இருந்தது. சில்லில் ஒட்டி வந்த களியை அவை தாரில் தேய்த்துவிட்டுப் போயிருந்தன. வெயிலில் காய்ந்த நேரம் அது வெறும் தூசு, தெரியாது. ஒரு தூறல் விழுந்தால் அதே இடம் கண்ணாடி. வானுக்கு முன்னால் போன வாகனம் எந்தக் கரைச்சலும் இல்லாமல் போயிருக்கக் கூடும், ஏனென்றால் அப்போது தூறல் இல்லை.

டயருக்கும் வீதிக்கும் இடையில் உள்ள பிடிப்பு பாதியானால், அந்த வளைவை எடுக்கக்கூடிய வேகம் பாதியாகாது. வேகத்தின் வர்க்கம்தான் பிடிப்போடு சேர்ந்து போகும். 50 மீற்றர் ஆரையுள்ள ஒரு வளைவில், காய்ந்த தாரில் பிடிப்பு (உராய்வு எண்) 0.9 என்று வைத்தால் மணிக்கு 76 கிலோமீற்றர் வரை தாங்கும். பிடிப்பு 0.45 ஆகிவிட்டால் 53. இடையில் 23 கிலோமீற்றர். அந்த 23ஐ வளைவுக்கு முன்னாலேயே குறைத்திருக்க வேண்டும். வளைவுக்குள் போனபிறகு பிரேக் மிதித்தால், திரும்புவதற்கு மிச்சமிருந்த கொஞ்சப் பிடிப்பையும் அந்த பிரேக் தின்றுவிடும். வான் நேரே போனது அதனால்தான்.

தார் வீதி என்றால் சுத்தம், கிரவல் வீதி என்றால் சறுக்கும் என்பது நம் எல்லோருடைய மனதிலும் ஊறிப்போன நினைப்பு. கிரவலில் எல்லா இடமும் சறுக்கும் என்று தெரிந்து போகிறோம், அதனால் கால் கவனமாக இருக்கும். தாரில் 100 மீற்றர் நன்றாகப் பிடிக்கும், அடுத்த 5 மீற்றர் பிடிக்காது. அந்த 5 மீற்றர் எங்கே என்பதுதான் கேள்வி. குரோஷியாவில் மூன்று நாளும் கேட்கப்பட்டதும் அதே கேள்விதான்.

வெள்ளி, சனி

ஸாக்ரெப்பைச் சுற்றியுள்ள கட்டங்கள் ஒடுங்கிய கிராமத்து வீதிகள். ஓரிடத்தில் புதுத் தார், அடுத்த திருப்பத்தில் பழைய வழுக்குத் தார், நடுவில் மேடு. அந்தப் பாதைகளில் சாரதிகள் வளைவின் உட்பக்க விளிம்பை வெட்டித்தான் ஓடுவார்கள். வெட்டும்போது உட்பக்கச் சில்லு தாரை விட்டு இறங்கி, ஓரத்து மண்ணையும் பொடிக்கல்லையும் வீதிக்கு இழுத்துப் போடும். முதலாவது காருக்குக் கிடைக்கும் வீதியும் பத்தாவது காருக்குக் கிடைக்கும் வீதியும் ஒன்றல்ல. கிரவல் ராலியில் முதலில் போகிறவர்தான் பாவம், அவர்தான் மற்றவர்களுக்குப் பாதையைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். தாரில் இது தலைகீழ். முன்னால் போகிறவருக்குச் சுத்தமான வீதி, பின்னால் வருகிறவருக்கு மண்.

வெள்ளிக்கிழமை சம்பியன்ஷிப் புள்ளி வரிசைப்படி கார்களை அனுப்புவார்கள். அப்போது முன்னணியில் நின்றவர் காலே ரொவன்பெரா, வயது 20. சம்பியன்ஷிப் வரலாற்றில் முன்னணிக்கு வந்த ஆகக் குறைந்த வயதுக்காரர் அவர்தான். ஆகச் சுத்தமான வீதி கிடைத்தது அவருக்கு. முதலாவது கட்டத்திலேயே வீதியை விட்டு விலகி அன்றைய ஓட்டம் முடிந்தது. சுத்தமான வீதி மட்டும் போதாது என்பதற்கு அதை விட வேறு சாட்சி வேண்டாம். அன்றிரவு முன்னிலையில் இருந்தவர் நூவில்.

சனிக்கிழமை வரிசை மாறியது. அன்றிலிருந்து, முந்தின நாள் நிலவரத்தைத் திருப்பிப் போட்டு, முன்னணிக்காரர்களைக் கடைசியில் விடுவது அப்போதைய விதி. நூவில், ஒஜியே, எவன்ஸ் மூவரும் அடுத்தடுத்து, கிட்டத்தட்ட ஒரே அளவு அழுக்கான வீதியில் ஓடினார்கள். வீதியைச் சாட்டி யாரும் தப்ப முடியாத நிலை. இனி வித்தியாசம் வருவதென்றால் டயரிலும் குறிப்பிலும்தான்.

டயர் விசயம் என் தொழில் என்பதால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். 2021இல் எல்லா முதல்தரக் கார்களுக்கும் டயர் கொடுத்தது பிரெல்லி. குரோஷியாவுக்கு முக்கியமாக வன்கலவை, மென்கலவை என்று இரண்டு வகை. மென்கலவை சீக்கிரம் சூடேறும். குளிரிலும் ஈரத்திலும் அழுக்குத் தாரிலும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும். வீதி காய்ந்து சுத்தமாகி வெயில் ஏறினால் அதே டயர் சூடு மிஞ்சி, ரப்பர் குழைந்து, கார் வளைவில் மிதக்கத் தொடங்கும். வன்கலவை எதிர்மாறு. தொடக்கத்தில் கல்லு மாதிரி இருக்கும், பிறகு நின்று பிடிக்கும். அணி இந்த முடிவை எடுப்பது விடிகாலையில், கட்டங்கள் தொடங்க முன்பு. மேலதிகமாக ஒன்றோ இரண்டோ சில்லுத்தான் காரில் ஏற்றலாம். ஒவ்வொரு சில்லும் பாரம். 1.6 லீற்றர் டேர்போ எஞ்சினும் 380 குதிரைவலுவும் கொண்ட, 1,190 கிலோவை ஆகக் குறைந்த எடையாக வைத்த ஒரு காரில் இரண்டாவது மேலதிகச் சில்லு சாரதிக்கு நன்றாகவே உறைக்கும்.

சனி காலை ஹூண்டாய் மென்கலவையை நம்பியது. கணிப்புப் பிழைத்தது. நூவில் முன்னிலையை இழந்தார், ஒஜியே மேலே வந்தார். கடைசியில் நூவில் தோற்றது 8.1 செக்கனால் என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் காலையைப் பாருங்கள். ராலி முடிந்தபிறகு எல்லோரும் ஒஜியேயையும் எவன்ஸையும் பற்றியே பேசினார்கள். என்னைக் கேட்டால், அந்த ராலியில் வெல்லக்கூடிய வேகம் மூன்று பேரிடமும் இருந்தது. மூன்றாமவருடைய வெற்றி ஒரு விடிகாலை டயர்த் தெரிவில் போய்விட்டது. அது சாரதியின் கையில் நடந்த பிழைகூட இல்லை.

குறிப்பு பற்றியும் ஒரு சொல். ராலிக்கு முந்திய நாட்களில் ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு தடவை மட்டும், வீதி வேகத்தில் ஓடிப் பார்த்து, சாரதி சொல்லச் சொல்ல இணைச்சாரதி எழுதுவார். எந்த வளைவு, எத்தனை இறுக்கம், எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக்கூடாது. அந்தக் குறிப்பு எழுதும் நாளில் மண் இன்னும் வீதிக்கு வந்திருக்காது. அதனால் தார் ராலிகளில் இன்னொரு ஏற்பாடு உண்டு. போட்டி தொடங்க முன் அணியின் முன்னோடிக் குழுவொன்று கட்டத்தை ஓடிப் பார்த்து, எங்கே ஈரம், எங்கே சேறு, எங்கே கல் என்று குறிப்பில் திருத்தம் போட்டுக் கொடுக்கும். முன்னோடிக் குழு போன பிறகு கார்கள் வெட்டி வெட்டி இழுக்கும் மண் அதிலும் இருக்காது. அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும், மணிக்கு 150இல்.

ஞாயிறு காலை

சனி இரவு ஒஜியே சில செக்கன்களால் முன்னிலை. ஞாயிறு காலை முதற்கட்டத்துக்குப் போகும் வழியில், ஸாக்ரெப் நகரத்துக்குள், பொதுவீதியில் அவருடைய கார் ஒரு சாதாரணக் காரோடு மோதியது. யாரிஸின் வலப்பக்கக் கதவு நசுங்கியது. இடப்பக்க ஸ்டியரிங் கார் என்பதால் அது இங்கிராசியா உட்காரும் பக்கம். அந்தக் கதவோடுதான் அன்றைய கட்டங்கள் முழுவதையும் ஓடினார்கள்.

ராலி தெரியாதவர்களுக்கு: கட்டங்கள் மட்டும்தான் மூடிய வீதி. ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததுக்குப் போகும் வழி நம்மைப் போன்ற சனம் போகும் வீதி. அங்கே இந்தக் கார்களுக்கும் இலக்கத்தகடு வேண்டும், விளக்கு வேண்டும், சந்தியில் நிற்க வேண்டும், அந்த நாட்டின் வீதிச் சட்டம் அப்படியே பொருந்தும். நேரக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு ஒரு நிமிடம் பிந்தினால் 10 செக்கன் தண்டம். 0.6 செக்கனால் முடிந்த ஒரு போட்டியில் ஒரு நிமிடப் பிந்தல் என்றால் கதை அன்று காலையிலேயே முடிந்திருக்கும்.

நடுவர்கள் ஒஜியேக்கு பண அபராதமும், ஒரு சுற்றுக்கான ஒத்திவைக்கப்பட்ட தடையும் விதித்தார்கள். நேரத்தில் கை வைக்கவில்லை. ஆகவே முடிவு நின்றது. இதில் என் மனம் இன்னும் முழுதாக ஒப்பவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஞாயிறு காலையில் பொதுவீதியில் வருகிறவர் எந்தப் போட்டியிலும் இல்லை. அவருக்குப் பந்தயத் தொப்பியும் இல்லை, கூண்டுக் கம்பியும் இல்லை. அப்போதே ஏழு தடவை உலகச் சம்பியனாகியிருந்த ஒருவர் மேல் எனக்கு உள்ள மதிப்பு பெரியது. ஆனாலும் பொதுவீதியில் நடந்த பிழைக்கும் கட்டத்தில் நடந்த பிழைக்கும் இரண்டு தராசு வைத்தால், கட்டத்துத் தராசை விட பொதுவீதித் தராசு கடுமையாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். என் கராஜிலும் அப்படித்தான். திருத்திய வாகனத்தை ஓடிப் பார்க்கப் போகிற பொடியனுக்கு முதல் விதி, கல்லடிப் பாலத்தில் யாரையும் முந்தக்கூடாது.

அந்த மோதலுக்குப் பிறகான கட்டங்களில் எவன்ஸ் மேலே வந்தார். 20ஆவது கட்டத்துக்குப் போகும்போது 3.9 செக்கன் அவர் பக்கம்.

கடைசிக் கட்டம்

ஸாகோர்ஸ்கா செலாவிலிருந்து கும்ரோவெட்ஸ் வரை, 14 கிலோமீற்றர். அங்கே ஒஜியே எவன்ஸை விட 4.5 செக்கன் வேகமாக வந்தார். 3.9 போக மிச்சம் 0.6.

பொடியன் சொன்ன வளைவுக்கு இப்போது வருகிறேன். எவன்ஸ் அகலப் போன அந்த இடத்தில் எவ்வளவு போயிருக்கும்? ஒரு உதாரணக் கணக்கு. மணிக்கு 100இல் போக வேண்டிய 50 மீற்றரை 60இல் போனால், 1.8 செக்கனுக்குப் பதில் 3 செக்கன். நட்டம் 1.2. திரும்ப வேகம் பிடிக்கும் வரை இன்னும் கொஞ்சம். எப்படிக் கூட்டினாலும் அந்த ஒரு சறுக்கல் 4.5ஐயும் தின்றிருக்க முடியாது என்பது என் கணிப்பு. மிச்சத்தை ஒஜியே அந்த 14 கிலோமீற்றரில் துண்டு துண்டாக எடுத்திருக்கிறார். அதே நேரம், அந்தச் சறுக்கல் இல்லாவிட்டால் 0.6 எவன்ஸ் பக்கம் நின்றிருக்கும் என்பதையும் மறுக்க மாட்டேன்.

இரண்டும் உண்மையாக இருக்கிற இடம்தான் எனக்கு முக்கியம். எவன்ஸ் அந்தக் கட்டத்தில் காக்கவும் வேண்டும், ஓடவும் வேண்டும். ஒஜியேக்கு ஓட மட்டும்தான் வேண்டும். 3.9 செக்கன் கையில் வைத்திருக்கிற சாரதி ஒவ்வொரு அழுக்கு வளைவிலும் ஒரு சின்னப் பங்கை விட்டுக்கொடுப்பார். அது பிழையே இல்லை, அறிவான வேலை. விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று காருக்குள் தெரிய வராது. கட்டம் முடியப் போகும்போது கையில் ஒன்றும் மிச்சமில்லை என்று ஒரு சந்தேகம் வந்தால், கால் தானாக இறங்கும். அகலப் போவது அதற்குப் பிறகுதான். எவன்ஸ் மனதில் இப்படித்தான் ஓடியது என்று நான் சொல்லவில்லை. கடன் அடைக்க ஓடுகிறவனையும் சேமிப்பைக் காக்க ஓடுகிறவனையும் நான் எங்கள் வீதிகளிலேயே பார்த்திருக்கிறேன். இரண்டு பேருடைய டயரும் ஒரே மாதிரித் தேயாது.

அதைச் சின்னப் பொடியன் வேறு மாதிரிப் பிடித்தான். மறுபடி ஓடவிட்டு, கார் தாரை விட்டு இறங்கும் இடத்தில் திரையை நிறுத்தினான். "அண்ணன், இது நம்மட வெல்லாவெளி வளைவு மாதிரித்தானே?"

நான் பெரிதாக்கிப் பார்த்தேன். கிராமத்து வீதி, ஓரத்தில் புல், முன்னால் போன கார்களின் சில்லுத் தடம்.

"மறுகா ஏன் அண்ணன் அவருக்குத் தெரியாம போன?" என்று கேட்டான். அதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. உலகத்திலேயே நல்ல இணைச்சாரதி பக்கத்தில் இருந்து, முன்னோடிக் குழு திருத்தம் போட்ட குறிப்பும் கையில் இருந்து, அவ்வளவுக்கும் மேலாக ஒரு வளைவு வந்து நிற்கிறது. எங்கள் வான் சாரதிக்கு இவற்றில் ஒன்றும் இருக்கவில்லை.

இரண்டு பேரும் அதற்குப் பிறகு

0.6 செக்கனின் விலை என்ன? அப்போது வென்றவருக்கு 25 புள்ளி, இரண்டாமவருக்கு 18. ஒருவரிடமிருந்து 7 போய் மற்றவருக்கு 7 வந்தால், இருவருக்கும் இடையிலான தூரம் 14 மாறும். நவம்பரில் இத்தாலியின் மொன்ஸாவில் நடந்த கடைசிச் சுற்றுக்குப் போகும்போது ஒஜியே எவன்ஸை விட 17 புள்ளி முன்னால். குரோஷியாவின் முதலிரண்டு இடங்கள் மாறியிருந்தால், மற்ற எல்லாம் அப்படியே நடந்தது என்று வைத்தால், அது வெறும் 3. மூன்று புள்ளி வித்தியாசத்தில் மொன்ஸாவுக்குப் போகும் எவன்ஸ் வேறு ஒரு எவன்ஸ். ஒஜியேயும் வேறு ஒரு ஒஜியே. நடந்தது, ஒஜியே மொன்ஸாவிலும் வென்று 230 புள்ளியோடு எட்டாவது தடவை சம்பியனானார். எவன்ஸ் 207. அந்த வருடத்தில் ஒஜியே வென்ற ஐந்து ராலிகளில் குரோஷியா ஒன்று. மொன்ஸாவோடு இங்கிராசியா ஓய்வு பெற்றார். எட்டுப் பட்டமும் அவருக்கும் சேர்த்துத்தான். நசுங்கிய கதவுப் பக்கம் உட்கார்ந்து கடைசிக் கட்டம் வரை வளைவுகளை நிதானமாக வாசித்த அந்தக் குரலை நான் மறக்கவில்லை.

எவன்ஸுக்கு அது புதிய வலியல்ல. 2020இலும் மொன்ஸாவுக்கு முன்னணியில் போய், பனியில் வழுக்கி வெளியேறி, பட்டத்தை ஒஜியேயிடம் 8 புள்ளியால் விட்டவர். தார் வீதியிலேயே அதற்கு முந்தின ஒரு காயமும் உண்டு. 2019 கோர்சிகா ராலியில் கடைசிக் கட்டத்துக்கு முன்னிலையில் போய், டயர் போய், நூவிலுக்கும் ஒஜியேக்கும் பின்னால் மூன்றாவதாக வந்தார்.

2023 ஏப்ரலில் அவர் குரோஷியாவை வென்றார். அந்த வெற்றியில் யாரும் துள்ளவில்லை. ராலிக்கு ஒரு வாரம் முந்தி, ஏப்ரல் 13ஆம் திகதி, அதே நாட்டில் முன்னோட்டப் பயிற்சியின்போது ஐரிஷ் சாரதி கிரேக் பிரீன் வீதியை விட்டு விலகி உயிரிழந்திருந்தார். மேடையில் கொண்டாட்டம் இல்லை. 2021இல் 0.6 செக்கனால் போனதை எவன்ஸ் திருப்பி எடுத்த நாள் என்று அதை நான் எழுத நினைத்ததுண்டு. எழுத மனம் வரவில்லை.

வளைவு

ராலி முடிந்த அடுத்த கிழமை அந்த வான் சாரதி மிச்சக் காசு கட்ட வந்தார். நான் அவருக்குத் தொலைபேசியில் அந்தக் கடைசி வளைவைக் காட்டினேன். உலகத்தில் ஆகத் திறமையான இரண்டு மூன்று பேரில் ஒருவர், நான்கு சில்லும் இழுக்கும் கார், அப்படியிருந்தும் புல்லுக்குப் போகிறார் என்று சொன்னேன். அவர் இரண்டு தடவை பார்த்தார். டயரைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சொல்லும் பேசவில்லை. புறப்படும்போது, "அந்த மதகடியில ஆராவது ஒரு அடையாளம் வச்சா நல்லம்" என்றார்.

சின்னப் பொடியனுக்கு வீடு அந்தப் பக்கம்தான். அவன் வயற்காரரிடம் போய்ப் பேசியிருக்கிறான். "பெரியப்பா, உங்கட மிசின் ஏறுற இடத்தில களி கிடக்குது, போற வாற ஆக்களுக்குத் தெரியிதில்ல" என்று. அவர் முதலில் முகம் சுழித்தாராம், வெட்டு நேரத்தில் யாருக்கு வீதி கழுவ நேரம் என்று. பிறகு யோசித்துச் சரி என்றிருக்கிறார்.

அடுத்த பெரும்போக வெட்டுக்கு நான் அந்த வழியால் போனேன். வளைவுக்கு ஒரு 60 மீற்றர் முந்தி, வீதியோரத்தில் ஒரு பூவரசங் கொப்பு குத்தி நின்றது. உச்சியில் சிவப்புத் துணி. வாகனம் பழுதானால் நம் ஆட்கள் பின்னால் குத்துவார்களே, அதே மாதிரி. எனக்கு முன்னால் ஒரு உழவு இயந்திரம் பெட்டியோடு வயலிலிருந்து ஏறி, களியைத் தாரில் தேய்த்துக்கொண்டு போனது. எதிர்ப்பக்கம் வந்த வான் கொப்பைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, களியின் மேல் பிரேக் தொடாமல், உருண்டு வந்து என்னைக் கடந்தது.